அவதாரம் என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி மாதம் எங்கள் பெருமாள் கோயில் மண்டபத்தில் திருப்பாவை வகுப்பு நடக்கும். பாசுரம் சொல்லி முடிந்ததும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் சந்தேகம் கேட்க உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பெரும்பங்கு ‘அவதாரம்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே இருக்கும். வருஷா வருஷம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் படித்தது ஸ்ரீவைஷ்ணவ மரபில். மற்ற மரபுகள் வேறுவிதமாகச் சொல்லும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

அவதாரம்னா என்ன அர்த்தம்? சுருக்கமா சொல்லுங்க.

இறங்கி வருதல். ‘அவ’ என்றால் கீழே. ‘த்ரு’ என்பது கடத்தலைக் குறிக்கும் வடமொழி வினைவேர். ஆற்றில் இறங்கும் துறைக்குத் ‘தீர்த்தம்’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். கடவுள் தன் இருப்பிடத்திலிருந்து, தன் விருப்பத்தால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒரு வடிவோடு நம் நடுவே வந்து நிற்பதை அவதாரம் என்கிறோம்.

இதில் ‘தன் விருப்பத்தால்’ என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அக்கா, கேம்ல நாம வச்சுக்கிற பொம்மைக்கும் ‘அவதார்’னுதானே பேரு? அதுவும் இதுவும் ஒண்ணா?

சொல் நம்முடையதுதான். 1985-இல் வந்த ‘அல்டிமா 4’ என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டு இதை எடுத்தாண்டது. விளையாடுகிறவர் வெளியே இருக்கிறார், விளையாட்டு உலகத்துக்குள் அவருடைய உருவம் நடமாடுகிறது என்பதால் பொருத்தமாகப்பட்டிருக்கிறது. பிறகு மற்ற விளையாட்டுகளிலும் பரவி, 2009-இல் சினிமாத் தலைப்பாகவும் ஆனது.

ஆனால் கேமில் பொம்மை அடிபட்டால் உனக்கு வலிக்காது. ராமன் காட்டில் நடந்தபோது கால் வலித்தது அவனுக்கேதான் என்று நாங்கள் சொல்கிறோம். அந்த விஷயம் கடைசிப் பக்கம் வரும்.

நாமளும் பிறக்கிறோம், கிருஷ்ணனும் பிறந்தான். அப்போ அதுவும் ஒரு பிறவிதானே?

பிறவிதான். ‘பிறந்தான்’ என்று சொல்லக் கூசவேண்டாம். ஆண்டாளே “ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர” என்றுதான் பாடுகிறாள். கீதையில் கண்ணனும் அர்ஜுனனிடம் “எனக்கும் பல பிறவிகள் கடந்தன, உனக்கும் கடந்தன” என்கிறான். வித்தியாசம் அடுத்த வரியில் வருகிறது: அவை எல்லாவற்றையும் நான் அறிவேன், நீ அறியமாட்டாய்.

நம்மைப் பிறக்க வைப்பது கர்மம். எந்த வயிற்றில், எந்த ஊரில் என்று நம்மை யாரும் கேட்கவில்லை. அவன் பிறப்பது இச்சையால். நம்மாழ்வார் “நிலைவரம்பில பலபிறப்பாய் ஒளிவரு முழுநலம்” என்று ஓரிடத்தில் பாடுகிறார். பிறக்கப் பிறக்க நமக்கு ஒளி மங்குகிறது, அவனுக்கோ பிறக்கப் பிறக்க ஒளி கூடுகிறது என்று பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். சாணைக்கல்லில் தீட்டிய ரத்தினம் மாதிரி என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்.

கீதையில ‘அவதாரம்’ங்கிற வார்த்தை எந்த அத்தியாயத்துல வருது?

எந்த அத்தியாயத்திலும் இல்லை. நான்காம் அத்தியாயத்தில் ‘பிறவி’, ‘என்னைப் படைத்துக்கொள்கிறேன்’, ‘உண்டாகிறேன்’ என்ற சொற்கள்தான் வருகின்றன. கருத்து அங்கே முழுசாக இருக்கிறது. பெயராக நிலைபெற்றது புராணங்களில்.

மொத்தம் பத்து அவதாரம்தானா?

பத்து என்பது மனப்பாடத்துக்கு வசதியான பட்டியல். பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் (பகுதி) இருபத்திரண்டை எண்ணிவிட்டு, அடுத்த மூச்சிலேயே “ஹரியின் அவதாரங்கள் எண்ணிலடங்காதவை” என்கிறது. கபிலர், தன்வந்தரி, வியாசர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம்மாழ்வார் தன் முதல் பிரபந்தத்தின் முதல் பாட்டிலேயே “எந்நின்ற யோனியுமாய்ப் பிறந்தாய் இமையோர் தலைவா” என்று கூப்பிடுகிறார். எந்தெந்தப் பிறப்பு உண்டோ அத்தனையிலும் பிறந்தவனே என்கிறார். மீனாகவும் பன்றியாகவும் வரத் தயங்காதவனுக்கு நாம் கணக்கு வைக்க முடியாது.

எங்க வீட்டு காலண்டர்ல புத்தர் இருக்காரு. கோயில் தூண்ல பலராமர் இருக்காரு. எது சரி?

இரண்டும் பழைய பட்டியல்கள்தான். தமிழ்நாட்டு வைணவக் கோயில்களில் பெரும்பாலும் பலராமர்தான் இருப்பார். இதற்குத் திருமங்கையாழ்வாரின் திருக்கண்ணபுரப் பாசுரமே ஆதாரம்: “மீனோடு ஆமை கேழல் அரி குறளாய் முன்னும் இராமனாய்த் தானாய்ப் பின்னும் இராமனாய்த் தாமோதரனாய்க் கற்கியும் ஆனான்.” விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மீன், ஆமை, பன்றி, சிங்கம், குள்ளன் என்று ஐந்து. பரசுராமன், ராமன், பலராமன் என்று மூன்று ராமர்கள். அப்புறம் கண்ணன், கல்கி. பத்து சரியாக வந்துவிடுகிறது.

ஆனால் புத்தரைச் சேர்த்த பட்டியலும் தமிழ்மண்ணிலேயே இருக்கிறது. மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக் கோயிலில் உள்ள பல்லவர் காலக் கல்வெட்டு பத்துப் பெயர்களைச் சொல்கிறது, அதில் மூன்று ராமர்களை அடுத்துப் புத்தர் வருகிறார். அங்கே கண்ணன் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவரும் இதே மாதிரி புத்தரைச் சேர்த்துக் கண்ணனை விட்டார். கண்ணன்தான் பத்து வடிவமும் எடுத்தவன், அவனை எப்படிப் பட்டியலில் ஒருவனாக வைப்பது என்பது அவர் பார்வை. பௌத்தர்கள் புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று ஏற்பதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய ஆசானைப் பற்றிப் பேசும்போது அது நாம் காட்டவேண்டிய மரியாதை.

மீன், ஆமை, பன்றி, அப்புறம் மனுஷன்… இது டார்வின் சொன்ன பரிணாமம்தானே?

வாட்ஸப்பில் சுற்றும் இந்த விஷயம் புராணத்தில் இல்லை. டார்வினின் நூல் வந்தது 1859-இல். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் 1877-இல் எழுதிய நூலில் தசாவதாரத்தைப் பரிணாமத்தோடு பொருத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்த விளக்கம் பரவியது.

புராணக் கதையின் காலவரிசையும் இதற்கு ஒத்துவராது. ஆமையாக வந்தது பாற்கடல் கடைந்தபோது. அப்போது அசுரர்களின் அரசன் மகாபலி என்கிறது பாகவதம். மகாபலி யார்? பிரகலாதனின் பேரன். பிரகலாதனுக்காக வந்தவர் நரசிம்மர். ஆக, பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் ஆமை, நான்காவதாக இருக்கும் சிங்கத்துக்குப் பின்னால் வந்திருக்கிறது. பட்டியல் வரிசை வேறு, நடந்த வரிசை வேறு. பரிணாமத்தை உயிரியல் பாடத்தில் படியுங்கள், அவதாரத்தை இங்கே படியுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

உட்கார்ந்த இடத்துல இருந்தே எல்லாத்தையும் செய்ய முடியும்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு இறங்கி வரணும்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ராவணனைக் கொல்ல ஒரு நினைப்பு போதாதா? போதும். “துஷ்டர்களை அழிக்க” என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ராமானுஜர் கீதை உரையில் இதைக் கவனமாகக் கையாளுகிறார். “சாதுக்களைக் காக்க” என்ற சொல்லுக்கு அவர் தரும் பொருள், எதிரிகளிடமிருந்து காப்பது மட்டும் இல்லை. அவனைப் பார்க்காமல், பேசாமல் ஒரு நொடியைக் கல்பமாக, அதாவது யுகயுகமாக உணர்ந்து தளர்ந்துபோகிறவர்களுக்குத் தன் வடிவையும் செயல்களையும் பார்க்கக் கொடுத்து, பேசக் கொடுத்துக் காப்பது. கொடியவர்களை அழிக்க நினைப்பே போதும். ஏங்குகிறவர்களுக்கு நேரில் வந்தால்தான் ஆகும்.

இதற்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழி மூன்றாம் பத்தில் ஒரு பாசுரம் உண்டு. முதலை வாயில் மாட்டிய யானையை நினைத்து ஆழ்வார் பாடுகிறார்: “தொழும் காதல் களிறு அளிப்பான் புள்ளூர்ந்து தோன்றினையே, மழுங்காத ஞானமே படையாக மலருலகில் தொழும்பாயார்க்கு அளித்தால் உன் சுடர்ச்சோதி மறையாதே.” அதாவது, மழுங்காத உன் சங்கல்பத்தையே ஆயுதமாக வைத்து இருந்த இடத்திலிருந்தே காப்பாற்றியிருந்தால் உன் பெருமைக்குக் குறை வந்திருக்கும் என்கிறார். அந்த யானை கேட்டது உயிரை இல்லை, கையில் வைத்திருந்த பூவை உன் காலில் போட வேண்டும் என்றுதான் அது தவித்தது என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆள் வந்தால்தானே முடியும்? கருடன் மேல் ஏறி, அவசர அவசரமாக வந்தான்.

ஆகவே அவதாரத்தின் உயிர் வல்லமையில் இல்லை, எளிமையில் இருக்கிறது. வெண்ணெய் திருடி, இடுப்பில் கயிறு கட்டப்பட்டு, உரலோடு உரலாக ஏங்கி நின்ற பிள்ளையை நினைத்து “எத்திறம் உரலினோடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே” என்று பாடிய நம்மாழ்வார் அப்படியே ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்று மரபில் சொல்வார்கள். அவரை மயங்க வைத்தது உலகளந்த பெருமை இல்லை, கயிற்றுக்குக் கட்டுப்பட்டு நின்ற எளிமை. அசுரனைக் கொன்றது கதையில் ஒரு பகுதிதான். பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்கள் சண்டையோடு நிறுத்திவிடாதீர்கள்.

யானைக்காக வந்தது பத்து அவதாரத்துல இல்லையே? அதை என்னன்னு சொல்றது?

நல்ல கவனிப்பு. அங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, வளர்ந்த காலமும் இல்லை. தோன்றினான், காத்தான், போனான். பாகவதம் இதையும் ஹரியின் தோற்றங்களில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும். ஆனால் நாம் பேச்சில் அவதாரம் என்று சொல்வது பெரும்பாலும் வந்து வாழ்ந்ததைத்தான். நரசிம்மர் தூணிலிருந்து வந்தவர், பிறக்கவும் இல்லை வளரவும் இல்லை, இருந்தும் பத்தில் இருக்கிறார். அதனால் கோடு அவ்வளவு கறாராக இல்லை.

தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது ‘காட்சி’. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் மூன்று ஆழ்வார்கள் ஓர் இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். அந்த இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவது தெரிந்தது. அப்போது பேயாழ்வார் பாடியது “திருக்கண்டேன் பொன்மேனி கண்டேன்”. அது மூவருக்குக் கிடைத்த காட்சி, பார்த்தது அவர்கள் மட்டும். ராமன் அப்படி இல்லை. வணங்கியவனும் பார்த்தான், வைதவனும் பார்த்தான். இதுதான் காட்சிக்கும் அவதாரத்துக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் வித்தியாசம்.

காட்சியிலும் எளிமைதான் முக்கியம் என்பதற்குத் திருமுருகாற்றுப்படையின் முடிவைப் படித்துப் பாருங்கள். வானளாவிய, அச்சம் தரும் நிலையில் வரும் முருகன் அந்த உருவை அடக்கிக்கொண்டு, பழைய மணங்கமழும் இளமை அழகைக் காட்டி, ‘அஞ்சாதே’ என்கிறான்.

சிவபெருமானுக்கு அவதாரம் உண்டா? எங்க அப்பா இல்லவே இல்லைங்கறார்.

உங்கள் அப்பா சொல்வதுதான் சைவ சித்தாந்தம். சிவன் கருவில் பிறப்பதில்லை. சிலப்பதிகாரமே “பிறவா யாக்கைப் பெரியோன்” என்கிறது. பிறக்காதவர் என்றால் வராதவர் என்று அர்த்தம் இல்லை. மதுரையில் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள். வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, மண் சுமக்காமல் தூங்கி, பிரம்படி பட்டார். அந்த அடி அங்கிருந்த எல்லார் முதுகிலும் விழுந்தது. திருவெண்ணெய்நல்லூரில் ஓலையோடு வந்த கிழவராகச் சுந்தரரை வழக்கில் இழுத்தார். இவற்றை ‘எழுந்தருளல்’, ‘ஆட்கொள்ளல்’ என்று சொல்வது சைவ வழக்கம்.

அம்பிகைக்கும் மற்றவர்களுக்கும் அவதாரம் என்ற சொல்லைச் சைவர்களும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சி வேள்வித் தீயிலிருந்து வரும் படலத்தின் பெயரே தடாதகைப் பிராட்டியார் திருவவதாரப் படலம்தான்.

எங்க ஊர்க் கொடையில சாமி இறங்குதே, அதுவும் இறங்கி வர்றதுதானே?

வினைச்சொல் ஒன்றுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆள்மேல் தெய்வம் வந்து, வாக்குச் சொல்லி, விபூதி கொடுத்து, பிறகு மலையேறிவிடுகிறது. சாமியாடி பழையபடி பக்கத்து வீட்டு அண்ணனாகிவிடுவார். அவதாரத்தில் வேறொருவர் உடம்பு இல்லை, வந்தவருடையதே அந்த உடம்பு.

இதற்கு நெருக்கமான ஒன்று வைணவத்திலும் உண்டு, ‘ஆவேச அவதாரம்’ என்பார்கள். ஒரு ஜீவனுக்குள் பகவானின் சக்தி ஒரு காரியத்துக்காக நிறைந்து நிற்பது. பரசுராமரை இந்த வகையில்தான் ஆசார்யர்கள் வைக்கிறார்கள். மோட்சத்தை விரும்புகிறவர்கள் அவரை உபாசிக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். கொடையில் ஆடும் சாமியைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஊருக்கு ஆறுதல் சொல்ல வரும் தெய்வம் அது. வகை வேறு, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரை ராமானுஜரோட அவதார ஸ்தலம்னு போர்டு போட்டிருக்காங்க. ராமானுஜரும் பெருமாளா?

இல்லை. 1017-இல் சித்திரைத் திருவாதிரையில் பிறந்த ராமானுஜரை ஆதிசேஷனின் அவதாரம் என்று மரபு கொண்டாடுகிறது. பொய்கையாழ்வாரைச் சங்கின் அம்சம், திருமங்கையாழ்வாரைச் சார்ங்க வில்லின் அம்சம் என்பார்கள். வைகுண்டத்தில் இருப்பவர்கள் இறங்கி வந்தார்கள் என்ற பொருளில் அங்கேயும் அதே சொல்.

கோயில்ல இருக்கற விக்ரகத்தையும் ‘அர்ச்சாவதாரம்’னு சொல்றாங்க. கல்லு எப்படி அவதாரமாகும்?

கடவுள் ஐந்து நிலைகளில் இருக்கிறார் என்று பாஞ்சராத்திர ஆகமம் சொல்கிறது. வைகுண்டத்தில் பரம், பாற்கடலில் வியூகம், ராமன் கிருஷ்ணன் முதலிய விபவம், நம் உள்ளே அந்தர்யாமி, கோயிலில் அர்ச்சை. தாகத்தோடு தவிக்கும் ஒருவனை வைத்து வைணவ ஆசார்யரான பிள்ளை லோகாசார்யர் இதை விளக்குகிறார். அந்தர்யாமி நிலத்தடி நீர், தோண்டினால்தான் கிடைக்கும். பரம் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். வியூகம் பாற்கடல். விபவம் பெருக்கெடுத்து ஓடிய ஆறு, அப்போது கரையில் இருந்தவர்கள் குடித்தார்கள். அர்ச்சை அந்த ஆறு வற்றிய பின்னும் தேங்கி நிற்கும் மடு. இன்றைக்கு வந்தவனும் குனிந்து அள்ளிக் குடிக்கலாம்.

“பின்னானார் வணங்கும் சோதி” என்று திருமங்கையாழ்வார் இதை மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார். பின்னால் பிறந்தவர்கள் வணங்குவதற்கான சோதி. அயோத்தியில் பிறக்கவில்லையே, ஆயர்பாடியில் பிறக்கவில்லையே என்று வருத்தப்படும் நமக்காக நிற்பது. எந்தக் கல்லில், எந்த உலோகத்தில் என்ற கேள்விக்குப் பொய்கையாழ்வார் பதில் சொல்லிவிட்டார்: “தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே.” அடியார்கள் எந்த உருவை விரும்புகிறார்களோ அதுவே அவன் உருவம்.

மேலே எளிமை என்று சொன்னது உச்சிக்குப் போவது இங்கேதான். ராமனாவது பேசினான், நடந்தான். அர்ச்சையில் அவன் அர்ச்சகர் நீராட்டினால் நீராடுகிறான், அவர் உடுத்திய வஸ்திரத்தை உடுத்திக்கொள்கிறான், கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிறான். மூலவரின் திருமேனியில் தைலக்காப்பு சாத்தி முடித்து, அர்ச்சகர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவன் எவ்வளவு தூரம் தன்னை நம்மிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறான் என்பது புரியும்.

இயேசுவையும் அவதாரம்னு சொல்லலாமா? என் கிறிஸ்தவத் தோழி கூடாதுங்கறா.

அவள் சொல்வதை மதியுங்கள். அவர்கள் நம்பிக்கையில் அது ஒரே முறை, ஒரே மனிதராக நடந்தது. “மீண்டும் மீண்டும் வருகிறேன்” என்ற கீதையின் போக்கு அதில் இல்லை. அதே சமயம், தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘மனுஷாவதாரம்’ என்ற சொல்லை வழங்கியும் வந்திருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்த சக்கரை செட்டியார், இயேசுவை அவதாரம் என்றே தலைப்பிட்டு 1926-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆகவே அவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சும் உண்டு.

தெக்கே அய்யா வைகுண்டரை அவதாரம்னு கும்பிடுறாங்க. இப்ப சிலர் ‘நான்தான் கல்கி’ங்கறாங்க. யாரை நம்பறது?

இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1833-இல், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து நாராயணரின் அவதாரமாக வைகுண்டர் வந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. ஒடுக்கப்பட்டவர்கள் தலைநிமிர்ந்து நிற்க சாமித்தோப்பிலிருந்து வழி காட்டியவர். மாசி 20-இல் அவதாரத் திருநாள் ஊர்வலம் இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் மரபுப் பட்டியலில் அவர் இல்லை என்றாலும், எளியவர்களுக்காக வந்தவர் என்று அவர்கள் சொல்லும்போது அவதாரத்தின் உயிர்ப்பொருளைத் தொட்டே பேசுகிறார்கள்.

கல்கி விஷயத்தில் கணக்கே போதும். கலியுகம் 4,32,000 ஆண்டுகள். அது கி.மு. 3102-இல் தொடங்கியது என்பது பஞ்சாங்கக் கணக்கு. ஐயாயிரத்துச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது. கல்கி வருவது யுக முடிவில், சம்பலம் என்ற ஊரில், விஷ்ணுயசஸ் என்பவர் வீட்டில் என்கிறது பாகவதம். அதுவரை கல்கி என்று சொல்லிக்கொண்டு யார் காணிக்கை கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கிருஷ்ணனா இங்க வந்துட்டா, அந்த நேரத்துல வைகுண்டம் காலியா?

பெரியாழ்வார் பாட்டில் யசோதை பிள்ளையின் கை கால்களை நீட்டிவிட்டு, கடாரத்து வெந்நீரில் மெல்லக் குளிப்பாட்டி, பசுமஞ்சளால் நாக்கு வழிக்கிறாள். பிள்ளை வாயைத் திறக்கிறான். “வையம் ஏழும் கண்டாள் பிள்ளை வாயுளே.” (பாகவதத்தில் மண் தின்றபோது வாயைத் திறக்கிறான், ஆழ்வார் பாட்டில் நாக்கு வழிக்கும்போதே.) ஏழு உலகமும் மடியில் கிடக்கும் அந்தப் பிள்ளைக்குள். அங்கே குறையாமலே இங்கே முழுதாக இருப்பான் என்பதுதான் இதற்குப் பதில்.

ராமனுக்குத் தான் கடவுள்னு தெரியுமா தெரியாதா?

வால்மீகி ராமாயணத்தில் பிரம்மா முதலானவர்கள் வந்து “நீ யார் என்று நினைவில்லையா?” என்று கேட்கும்போது, ராமன் “நான் என்னை மனிதனாக, தசரதன் மகன் ராமனாகவே நினைக்கிறேன்” என்கிறான். தெரியவில்லை என்று அவன் சொல்லவில்லை, இப்படி நினைக்கிறேன் என்கிறான். ராவணன் வரம் வாங்கும்போது மனிதர்களைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டான். அதனால் மனிதனாகவே நின்று முடிக்க வேண்டிய காரியம் அது.

எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது, அந்தப் பிறவி அவனுக்குப் பிடித்திருந்தது என்பதுதான். குகனோடு, ஜடாயுவோடு, சபரியோடு இருந்தவன் ‘தசரதன் மகன்’ என்ற பெயரையே ஆசையாகப் பிடித்துக்கொண்டான்.

அந்த உடம்பு நிஜமா, இல்ல நிஜம் மாதிரி தெரிஞ்சதா?

இங்கே ஆசார்யர்கள் பிரிகிறார்கள். சங்கரர் கீதை உரையின் முன்னுரையில், தன் மாயையால் உடல் கொண்டவன் போல, பிறந்தவன் போலத் தெரிகிறான் என்று எழுதுகிறார். ராமானுஜர் மெய்யான உடம்பு என்கிறார். ஆனால் நம்முடையதுபோல் பஞ்சபூதக் கலவை இல்லை, கர்மத்தால் வந்ததும் இல்லை. மத்வர் மூல வடிவத்துக்கும் அவதார வடிவத்துக்கும் துளி வேறுபாடும் கிடையாது என்கிறார். நான் ராமானுஜர் பக்கம் நிற்கிறேன். உடம்பு வெறும் தோற்றம் என்றால், முன்பு சொன்ன உரலும் கயிறும் நாடகமாகிவிடும். நாடகத்தைப் பார்த்து நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கியிருக்க மாட்டார். காட்டில் நடந்த கால் வலித்தது என்று மேலே சொன்னதும் இதனால்தான். விதித்த வலி இல்லை, அவனே ஏற்றுக்கொண்ட வலி.

கிருஷ்ணன் வேடன் அம்பு பட்டு இறந்தான்னு படிச்சேன். கடவுள் சாவாரா?

வைணவர்கள் ‘இறந்தான்’ என்று சொல்வதில்லை, ‘தன்னுடைச் சோதிக்கு எழுந்தருளினான்’ என்பார்கள். மென்மைக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது. மூன்றாம் கேள்வியின் பதிலோடு சேர்த்துப் பாருங்கள்: இச்சையால் வந்தவன் இச்சையால் போகிறான். சாவும் கர்மத்தின் பலன்தான். கர்மம் இல்லாதவனுக்கு அது இல்லை.

போன விதத்தையும் கவனியுங்கள். ராமன் சரயுவில் இறங்கியபோது தனியாகப் போகவில்லை. “புற்பா முதலாப் புல் எறும்பு ஆதி ஒன்று இன்றியே” அயோத்தியில் இருந்த சராசரம் முழுவதையும் நற்பாலுக்கு உய்த்தான், அதாவது நல்ல கதிக்குச் சேர்த்தான் என்கிறார் நம்மாழ்வார். புல்லும் எறும்பும் எந்தத் தவமும் செய்யவில்லை, அவன் இருந்த ஊரில் இருந்தன, அதுவே போதுமானதாக இருந்தது. கண்ணன் விஷயத்திலும், காலை மான் என்று நினைத்து அம்பு விட்ட ஜரன் என்ற வேடன் பதறிப்போய்க் காலில் விழுகிறான். ‘பயப்படாதே, நான் நினைத்ததைத்தான் நீ செய்தாய்’ என்று சொல்லி அவனை முதலில் சுவர்க்கத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் கண்ணன் புறப்பட்டான் என்கிறது பாகவதம் பதினோராம் ஸ்கந்தம்.